அம்மாவின் காலுக்குக் காவல்

எங்கள் லயத்தில் யாருக்காவது அடிபட்டுவிட்டால், அடிபட்டவரைவிட மற்றவர்களுக்குத்தான் வேலை அதிகம். ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு வீடுகள் வரிசையாக நிற்கும். ஒரு வீட்டில் பாத்திரம் கை நழுவி விழுந்தால் நான்காவது வீட்டிலிருந்து "என்னத்தப் போட்டு உடைக்கீக?" என்று குரல் வரும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி கால் வீங்கிப் படுத்திருக்கும்போது ஒரு வீட்டுக்காரர்கள் மட்டும் வந்து பார்க்கவில்லை என்றால் அது சின்ன விஷயமில்லை. அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் அந்த வீட்டோடு யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அதனால் எல்லோரும் வருவார்கள். ஒருமுறை வந்தவர்கள், தாங்கள் வந்தது சரியாகக் கவனிக்கப்படவில்லையோ என்ற சந்தேகத்தில் மறுபடியும் வருவார்கள்.

அம்மா விழுந்தது ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம், திங்கட்கிழமை. எங்கள் எஸ்டேட் சூரியநெல்லிக்கு மேலே இருந்தது. அந்த வருஷம் மழை பிடித்த பிடியில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டார்கள். நான் நாலாம் கிளாஸ் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். அம்மா பதினாறாம் நம்பர் காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். தேயிலைச் சரிவை நாங்கள் காடு என்றுதான் சொல்வோம். செடிகளுக்கு நடுவில் தண்ணீர் ஓட வெட்டியிருந்த வாய்க்காலைப் புல் மூடியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. வலது கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. முதுகில் இருந்த கொழுந்துச் சாக்கு அவளை மறுபக்கம் இழுத்துச் சாய்த்துவிட்டது.

நாலு பெண்கள் அவளைத் தார்ப்பாயில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கணுக்காலிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் அந்த நேரத்துக்குள்ளேயே வீங்கியிருந்தது. வீட்டுக்குள் கொண்டுவந்து படுக்க வைப்பதற்குள் மூன்று வைத்தியங்கள் தயாராகிவிட்டன. கடைசி வீட்டு அத்தை ஒத்தடத்துக்கு உப்பு வறுக்க ஆரம்பித்தாள். இன்னொரு வீட்டிலிருந்து முட்டையும் உளுந்து மாவும் வந்தன. ஏழாவது வீட்டு மாமா ஒரு தைலக் குப்பியோடு வந்தார். அவருடைய முழங்கால் வலிக்கு எட்டு வருஷமாக அதைத்தான் தேய்த்து வந்தார். வலி இன்னும் போகவில்லை, அவருக்குத் தைலத்தின் மேல் இருந்த நம்பிக்கையும் போகவில்லை. நல்ல வேளையாக அப்பா பாக்டரியிலிருந்து ஓடிவந்து, ஒருவரையும் தொடவிடாமல், எஸ்டேட் ஜீப்பில் அம்மாவை ஏற்றிவிட்டார். நானும் தொற்றிக்கொண்டேன்.

ஆசுபத்திரியில் மலையாளி டாக்டர் ஒருவர் இருந்தார். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கீழ்க்காலில் இரண்டு எலும்புகள் உண்டு, அதில் சின்னதில் ஒரு விரிசல் விழுந்திருக்கிறது என்றார். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இந்த வீக்கத்தோடு முழு மாவுக்கட்டுப் போட்டால் உள்ளே ரத்த ஓட்டம் நெருக்கப்படும். அதனால் பின்பக்கம் மட்டும் அரைக்கட்டு வைத்துத் துணி சுற்றி அனுப்பினார். வீக்கம் இறங்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு என்று ஒரு விரலை நீட்டிச் சொன்னார்.

"கால் பொக்கி வைக்கணும். நெஞ்சைக் காட்டிலும் மேலே. உழிச்சல் வேண்டா, எண்ணெய் வேண்டா, சூடு வேண்டா. வெள்ளிக்கிழமை வரணும். வீக்கம் இறங்கலைன்னா ஞான் கோட்டயத்துக்கு எழுதிடும். மனசிலாயோ?"

அப்பாவுக்கு மனசிலாயிற்று: காலைத் தூக்கியே வைக்க வேண்டும், தேய்க்கவோ உருவவோ கூடாது. விரல்கள் மரத்துப்போனாலோ, நீலம் பாரித்தாலோ, வலி தாங்க முடியாமல் ஏறினாலோ வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டார். ஆனால் மறுநாள் காலையில் அவர் பாக்டரிக்குப் போயாக வேண்டும். ஜீப்பில் திரும்பி வரும்போது என்னைப் பார்த்து, "ஏட்டி, அம்மா காலு உன் பொறுப்பு. இறங்காம பாத்துக்க," என்றார். அதுவரைக்கும் என்னிடம் யாரும் எதையும் பொறுப்பாகக் கொடுத்ததில்லை. எனக்கு மூச்சே கொஞ்சம் பெரிதாக வந்தது.

கோட்டயம் பெரியாசுபத்திரி என்றால் என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மேல் லயத்தில் ஒரு அக்கா இடுப்பைக் காட்டக் கோட்டயம் போனவர் மூன்று மாதம் கழித்துத்தான் வந்தார். வந்தபோது அவருடைய கடைசிப் பிள்ளை அவரைப் பார்த்து யாரோ என்று பயந்து அழுதது. அம்மா கோட்டயம் போனால் அப்பாவும் கூடப் போவார். என்னைப் பெரியப்பா வீட்டில் விடுவார்கள். பெரியப்பா வீட்டில் காலையில் ஜெபம் முடிந்தால்தான் சாயா. பெரியப்பாவின் ஜெபம் சீக்கிரம் முடியாது. இதெல்லாம் ஒருபுறம். அம்மா இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதுதான் உண்மையான காரணம்.

நான் வேலையில் இறங்கினேன். தகரப் பெட்டியைக் கட்டிலின் கால்மாட்டில் தூக்கி வைத்து, அதன் மேல் கம்பளியை மடித்துப் போட்டு, அதன் மேல் இரண்டு தலையணைகளை வைத்தேன். பள்ளிக்கூட ஸ்கேலால் கட்டிலிலிருந்து அம்மாவின் நெஞ்சு எவ்வளவு உயரம், பாதம் எவ்வளவு உயரம் என்று அளந்தேன். பாதம் ஒரு சாண் மேலே இருந்தது. ஈரத்துணியைப் பிழிந்து விரல்களின் மேல் போட்டேன். டாக்டரே வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது என்று நினைத்தேன். டாக்டர் வரவில்லை. லயம் வந்தது.

இங்கே அம்மாவின் மரியாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் முன்னால் கால் நீட்டக் கூடாது என்று எல்லா வீட்டிலும்தான் சொல்லி வளர்ப்பார்கள். அம்மா அந்தப் பாடத்தைக் கொஞ்சம் அதிகமாகவே படித்துவிட்டிருந்தாள். தன்னைவிட ஒரு வயது மூத்தவர் வந்தாலும் காலை மடக்கிக்கொள்வாள். வீட்டுக்காரரின் அண்ணன் என்பதால் பெரியப்பாவின் முன்னால் அவள் உட்கார்ந்தே நான் பார்த்ததில்லை. அடுப்படிக் கதவோரம் நின்றுகொண்டுதான் பதில் சொல்வாள். இப்போது அவளுடைய கால் ஒரு பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அதுவும் எந்தப் பக்கம்? வசனக் காலண்டர் மாட்டிய சுவரைப் பார்த்து நீட்டச் சொன்னால் அவள் சம்மதிக்கவில்லை. வேதவசனத்துக்கு நேரே பாதத்தைக் காட்டுவாளா? எங்களுடையது ஓர் அறையும் அடுப்படியும்தான். மிச்சம் இருந்தது வாசல் பக்கம்தான். ஆகவே கதவைத் தாண்டி உள்ளே வரும் யாராக இருந்தாலும் முதலில் அம்மாவின் உள்ளங்காலைத்தான் பார்ப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு முதல் ஆள் வந்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அம்மா இரண்டு கையாலும் தொடையைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, காலைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கீழே தொங்கப் போட்டுவிட்டாள். சேலையை இழுத்து மூடிக்கொண்டு, "வாங்க மதினி, உக்காருங்க," என்றாள். மதினி உட்கார்ந்தாள். அரை மணி நேரம் தன் தங்கச்சியின் கால் உடைந்த கதையைச் சொன்னாள். கால் அவ்வளவு நேரமும் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் போனதும் நான் தூக்கி வைத்தேன். ஸ்கேலை எடுப்பதற்குள் அடுத்த செருப்புச் சத்தம்.

"அம்மா, இறக்காதம்மா. டாக்டர் என்ன சொன்னாரு?"

"சும்மா இருட்டி. வந்தவுகளுக்கு மூஞ்சிக்கு நேரா காலைக் காட்டவா? ஒரு நிமிசந்தான்."

எங்கள் லயத்தில் ஒரு நிமிஷம் என்பது ஒரு சாயா கொதித்து, ஆறி, குடித்து முடிக்கும் நேரம். ஒவ்வொரு முறை கால் இறங்கும்போதும் அடுப்புக்கரியால் சுவரில் ஒரு கோடு போட்டேன். மத்தியானத்துக்குள் பதினோரு கோடு ஆகிவிட்டது. எல்லோரும் நல்லவர்கள். ஒருத்தி ரொட்டி கொண்டுவந்தாள். ஒருத்தி அம்மாவின் தலையைத் தடவிக் கொடுத்தாள். ஏழாவது வீட்டு மாமா தைலக் குப்பியைத் திறக்கப் போனபோது நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அவ்வளவு அன்பையும் பார்த்துக்கொண்டு அந்தக் கால் வீங்கிக்கொண்டே போயிற்று.

சாயங்காலம் நான்கு மணிக்குப் பெரியப்பா வந்தார். அவர் மேல் லயத்தில் இருந்தார். எங்கள் சபையில் பெரிய மனிதர். குடையை மடக்கும் சத்தத்திலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. காலை இறக்கியதோடு நிற்காமல் கட்டிலைப் பிடித்து எழுந்து நிற்கவும் பார்த்தாள். பெரியப்பா கூரையைப் பார்த்துக்கொண்டே, "வேண்டாம், வேண்டாம், இருக்கச் சொல்லு," என்று என்னிடம் சொன்னார். தம்பி சம்சாரத்தோடு அவர் நேராகப் பேச மாட்டார். அப்புறம் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார்.

அது மிக நல்ல ஜெபம். அந்தக் காலின் எலும்புக்காகவும் நரம்புக்காகவும் தனித்தனியாக ஜெபித்தார். வீக்கம் வடிய வேண்டும் என்று உருக்கமாகக் கேட்டார். அவர் கேட்கக் கேட்க, கட்டிலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த காலின் விரல்கள் சிவந்து, தடித்து, கருநீலத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு விரல்களைப் பார்த்தேன். ஜெபத்தில் குறுக்கே பேசினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆமென் வந்ததும் பாய்ந்து போய்க் காலைத் தூக்கினேன். அம்மா பெரியப்பா போகும் வரைக்கும் தூக்க விடவில்லை. அவர் போன பிறகு தூக்கி வைத்ததில் மெல்ல மெல்ல நீலம் விட்டது. வீக்கம் விடவில்லை.

புதன்கிழமை காலையில் அப்பா வேலைக்குப் புறப்படும் முன் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைப் பார்த்தார். மரத்திருக்கிறதா, அசைக்க முடிகிறதா என்று கேட்டார். அசைக்க முடிந்தது. கட்டு முடிந்த இடத்தில் பாதத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. அவர் என்னைத் திட்டவில்லை. சுவரில் இருந்த கரிக்கோடுகளை எண்ணிப் பார்த்தார். பத்தொன்பது இருந்தன.

"கோட்டயந்தான் போலுக்கு," என்றார் மெதுவாக.

அம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். அழுதுகொண்டே யோசித்தேன். வருகிறவர்களிடம் சொன்னால் அம்மா கிள்ளுகிறாள். அம்மாவிடம் சொன்னால் ஒரு நிமிஷம் என்கிறாள். யாருமே வராமல் இருந்தால்? லயத்தில் யாருமே வராத வீடு என்று ஒன்று உண்டா?

உண்டு. போன கோடையில் கடைசி வீட்டு அத்தையின் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அம்மை போட்டிருந்தது. அத்தை போடியில் இருந்த தன் அண்ணனிடம் சொல்லி பஸ்ஸில் வேப்பிலை வரவழைத்து வாசலில் கட்டினாள். அந்தக் கொத்து தொங்கிய நாளெல்லாம் அந்த வீட்டு வாசலை ஒருவரும் மிதிக்கவில்லை. தபால்காரர்கூடக் கடிதத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். பசங்களுக்குச் சாப்பாடு கொடுத்தவர்கள் முற்றத்து ஓரத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். அம்மை கண்ட வீட்டுக்குத் தாளித்த எதையும் கொடுக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் தாளிக்காமல்தான் கொடுத்தார்கள்.

எங்களுடையது வேதக்கார வீடு. எங்கள் வாசலில் வேப்பிலை கட்டுவது என்றால் என்ன என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கர்த்தருக்கு என் நிலைமை புரியும் என்று நினைத்தேன். பெரிய சிக்கல் வேறு. மலையில் வேப்பமரம் கிடையாது. இப்போது நான் மலைக்குக் கீழே எலப்புள்ளியில் இருக்கிறேன். இங்கே வீட்டுக்கு வீடு வேப்பமரம் நின்று பழத்தைக் கொட்டுகிறது. அன்றைக்கு நான் பார்த்திருந்த வேப்பிலையெல்லாம் போடியிலிருந்து பஸ்ஸில் வாடி வந்து இறங்கியதுதான். இலை நீளமாக, ஓரம் பல்பல்லாக வெட்டியிருக்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். லயத்துக்குப் பின்னால் மேட்டில் தேயிலைக்கு நிழலாக சில்வர் ஓக் மரங்கள் நின்றன. அதன் இலையும் நீளமாக, வெட்டுவெட்டாகத்தான் இருந்தது. மழையில் நனைந்துகொண்டு ஏறி, எட்டிய கிளையில் ஒரு கொத்து முறித்தேன். அம்மா கண் அசந்திருந்த நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, பள்ளிக்கூட ரிப்பனால் அதை வாசல் நிலையில் இருந்த ஆணியில் கட்டினேன்.

முதலில் வந்தது கடைசி வீட்டு அத்தையேதான். கையில் ஒரு தூக்குச் சட்டி. வாசலுக்கு வந்தவள் அண்ணாந்து பார்த்தாள். நான் நிலைக்குக் குறுக்கே நின்றேன்.

"என்ன பிள்ள இது?"

"அம்மாவுக்கு அம்மை போட்டிருக்கு அத்தை. யாரும் வரக் கூடாது."

அத்தை கொத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் கட்டிலைப் பார்த்தாள். காற்றில் கொத்து ஒருமுறை புரண்டது. "அப்படியா?" என்றாள். "அப்படின்னா நான் உள்ள வரலத்தா." தூக்குச் சட்டியைக் கொடுக்காமல் திரும்பிக் கொண்டுபோய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் முற்றத்து ஓரத்தில் ஒரு கிண்ணம் கஞ்சி இருந்தது. கூடவே துவையல். கடுகு தாளிக்கவில்லை.

பன்னிரண்டு வீடுகளுக்கும் செய்தி போக எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒருவர்கூட வரவில்லை.

என் சின்ன வயதில் எந்த நாளுக்குத் திரும்பிப் போக ஆசை என்று கேட்டால், கிறிஸ்துமஸைச் சொல்ல மாட்டேன், அசன விருந்தையும் சொல்ல மாட்டேன். அந்தப் புதனையும் வியாழனையும்தான் சொல்வேன். வெளியே மழை. உள்ளே நானும் அம்மாவும் பெட்டி மேல் அம்மாவின் காலும். பகல் வெளிச்சத்தில் அம்மா படுத்து நான் அதுவரை பார்த்ததே இல்லை. அவள் காலை நாலரைக்கு எழுவாள், நான் தூங்கிய பிறகுதான் படுப்பாள். அவளுடைய தலைமுடி எவ்வளவு நீளம் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கு அவிழ்த்துவிட்டுச் சீவினேன். கட்டிலை விட்டுக் கீழே தொங்கியது. சீவும்போது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள். சபையில் பாடும் பாட்டு அல்ல. சின்னப் பிள்ளையில் பீர்மேட்டு லயத்தில் கும்மியடித்தபோது பாடியது என்றாள். தான் ஒரு காலத்தில் கும்மியடித்தவள் என்பதை அவள் அதற்கு முன் சொன்னதே கிடையாது. எனக்கு அவள் மேல் திடீரென்று ஒரு மரியாதை வந்துவிட்டது.

நான் மணிக்கொரு தரம் ஸ்கேலால் அளந்தேன், ஈரத்துணியை மாற்றினேன். கரிக்கோடு பத்தொன்பதிலேயே நின்றது. மத்தியானம் கிண்ணம் கிண்ணமாகத் தாளிக்காத பருப்பும் தாளிக்காத கீரையும் தாளிக்காத ரசமும் வந்தன. உப்புச்சப்பில்லாமல் இருந்தது. அம்மா ஒன்றும் கேட்காமல் நிதானமாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினாள். வாயை லேசாகத் திறந்துகொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி தூங்கினாள்.

புதன்கிழமை சாயங்காலம் அப்பா வந்து வாசலில் நின்றுவிட்டார். நான் வெளியே ஓடிப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் உள்ளே போய் அம்மாவின் பாதத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். குழி விழுந்தது, ஆனால் கொஞ்ச நேரத்தில் நிரம்பிவிட்டது. மறுபடியும் வெளியே வந்தார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா. தூங்கும்போதுதான் கட்டுனேன்."

"சரி," என்றார். அண்ணாந்து பார்த்து, தளர்ந்திருந்த ரிப்பன் முடிச்சை அவிழ்த்து, காற்றுக்கு விழாதபடி இறுக்கிக் கட்டினார்.

வியாழக்கிழமை மத்தியானம்தான் ஆபத்து வந்தது. பெரியப்பா குடையோடு மேட்டிலிருந்து வேகமாக இறங்கி வந்தார். நடையிலேயே கோபம் தெரிந்தது. முற்றத்தில் நின்று வாசலைப் பார்த்தார். சபைப் பெரியவரின் தம்பி வீட்டில் வேப்பிலை! ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்தும் உபதேசியாருக்கு என்ன பதில் சொல்வார்?

"யாரு பிள்ள இதக் கட்டுனது? உங்கப்பனா?"

நான் நிலையை மறித்து நின்றேன். உள்ளே வந்துவிடுவாரோ என்பதுதான் என் பயம். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்கூட இல்லை. அவர் உள்ளே வந்தால் கால் இறங்கும், ஜெபம் நீளும், இரண்டு நாள் பட்ட பாடெல்லாம் போய்விடும். அவர் படியேறி, கையை உயர்த்திக் கொத்தைப் பிடித்துப் பிய்க்கப் போனார். பிய்க்கப் போன கை அப்படியே நின்றது. ஒரு இலையைப் புரட்டிப் பார்த்தார். சில்வர் ஓக் இலைக்கு அடிப்பக்கம் முழுக்க வெள்ளையாக இருக்கும். அவர் அந்த மரத்தடியில்தான் முப்பது வருஷம் வேலை செய்திருந்தார்.

என்னைக் குனிந்து பார்த்தார். எனக்குத் தாங்க முடியவில்லை. அழுகையோடு சொல்லிவிட்டேன்.

"நீங்கள்லாம் வந்தா அம்மா காலைக் கீழ போடுதா பெரியப்பா. நீங்க ஜெபிக்கும்போது விரலெல்லாம் நீலமாயிட்டு. நாளைக்கு வீக்கம் இருந்தா கோட்டயம் கொண்டுபோயிருவாக."

பெரியப்பாவின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கோபப்பட வந்தவருக்கு எங்கே நிற்பது என்று தெரியாமல் போனது போல இருந்தது. ஒருமுறை இருமினார். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"யாருட்டி?" என்று அம்மா கேட்டாள்.

பெரியப்பா என்னைப் பார்த்துக் கையை வேகமாக ஆட்டினார். இல்லை என்று சொல், இல்லை என்று சொல்.

"யாருமில்லம்மா," என்றேன்.

நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கட்டில் மறுபடியும் சத்தம் போடவில்லை. கால் இறங்கவில்லை. பெரியப்பா பூனை போலப் படியிறங்கினார். போய்விடுவார் என்று பார்த்தால், முற்றத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று கண்ணை மூடினார். அவருடைய வாழ்நாளிலேயே மிகச் சின்ன ஜெபம் அதுவாகத்தான் இருக்கும். அப்போது கீழ் லயத்திலிருந்து இரண்டு பேர் செய்தி தெரியாமல் எங்கள் வீட்டைப் பார்த்து வந்தார்கள். பெரியப்பா அவர்களை மறித்தார். பொய் சொல்வது அவருக்கு ஆகாது. அம்மை என்று சொல்லவில்லை. வாசலைக் கையால் காட்டி, "பிள்ள என்ன சொல்லுதோ அதக் கேட்டுக்கிட்டுப் போங்க," என்று மட்டும் சொன்னார்.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் மட்டும்தான் உண்மை தெரியும் என்று நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். என் கல்யாணத்துக்கு வந்திருந்தபோது கடைசி வீட்டு அத்தை சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வரச் சொன்னாள், முதல் நாள் காலையிலேயே அது என்ன இலை என்று லயம் முழுக்கத் தெரியுமாம். கொழுந்து பறிக்கிற கைக்கு இலை தெரியாதா? போய்ப் பார்க்காவிட்டால் மரியாதையில்லை, பார்க்கப் போனால் அந்த மதினி காலை இறக்காமல் இருக்க மாட்டாள், என்ன செய்வது என்று அவர்களும் தவித்துக்கொண்டுதான் இருந்தார்களாம். நான் ஒரு சாக்குக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டார்கள். நிஜ அம்மைக்கு ஆக்குவது போலவே, ஒரு வீடு தவறாமல், எங்களுக்கென்று தனியாகத் தாளிக்காமல் எடுத்து வைத்தார்கள். அவர்களை ஏமாற்றிவிட்டதாக நினைத்து அந்தச் சப்பென்ற ரசத்தை நான் எவ்வளவு பெருமையோடு குடித்தேன் என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை டாக்டர் கட்டைப் பிரித்தார். வீக்கம் வடிந்து, பாதத்தின் மேல்தோல் சுருங்கி, சின்னச் சின்ன மடிப்புகள் விழுந்திருந்தன. அந்த மடிப்பைத்தான் தேடினேன் என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். கோட்டயம் வேண்டாம். முழு மாவுக்கட்டுப் போட்டார். இனிமேல் கொஞ்ச நேரம் காலை இறக்கினாலும் பரவாயில்லை, ஆனால் ஆறு வாரம் ஊன்றக் கூடாது என்றார். இவ்வளவு நன்றாக யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டினார். டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று முழுக்க அந்தக் கையை நான் கழுவவில்லை.

மழை விட்டிருந்தது. ஜீப் லயத்து முற்றத்தில் நிற்கும் முன்பே நான் குதித்து இறங்கி ஓடினேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, அப்பா போட்ட முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்து, வாடிப்போன கொத்தை முற்றத்துக்கு அப்பால் வீசி எறிந்தேன். "அம்மாவுக்குச் சரியாயிட்டு! எல்லாரும் வாங்க!" என்று பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கக் கத்தினேன். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இரண்டு நாள் அடக்கிவைத்த அன்பெல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது. மதினிகள் வந்தார்கள், ஏழாவது வீட்டு மாமா தைலக் குப்பியோடு வந்தார், கடைசி வீட்டு அத்தை கடுகும் வற்றல் மிளகாயும் கமகமக்க ஒரு சட்டிக் குழம்போடு வந்தாள்.

அப்பாவும் ஜீப் டிரைவரும் அம்மாவைத் தூக்கி வந்தார்கள். வாசலுக்கு வந்ததும் அவள் நிமிர்ந்து வெறும் நிலையைப் பார்த்தாள். ரிப்பன் துணுக்கு ஒன்று மட்டும் ஆணியில் மிச்சம் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"அதுக்குள்ள எடுத்துட்டியாட்டி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

என் சுறுசுறுப்பைத்தான் மெச்சுகிறாள் என்று நினைத்து, ஆமாம் என்று பெருமையாகத் தலையாட்டினேன்.